பொட்டலம் கட்டிய படிப்பு

பர்ரென்று முதல் தாளைக் கிழித்தாள் மனைவி. தீப்பெட்டியும் கையுமாக நின்ற கடைக்காரர் அசந்துபோனார்.

"ஏய், நான்தான் மொத்தமா கொளுத்தறேன்னு சொன்னேனே!"

"ஒரேயடியா கொளுத்தினா ஒரு நாள் அழுவா, மறுநாள் மறந்துடுவா. தினம் ஒண்ணா கிழிச்சாத்தாங்க புத்தி வரும். எங்கிட்ட விடுங்க" என்றாள் அவள்.

கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்தில் மனைவி இப்படித் தன் பக்கம் நின்று அவர் பார்த்ததில்லை. தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

கிழிபட்டது மகளின் ஆங்கிலச் சொற்பொருள் புத்தகம். முந்நூறு பக்கம், பக்கத்துக்குப் பத்துச் சொல், ஒவ்வொன்றுக்கும் பொருள், கூடவே ஒரு வாக்கியம். வெளியூர்ப் பல்கலைக்கழகத்தில் மேற்படிப்புக்கான நுழைவுத் தேர்வில் போன வருடம் கணக்கையெல்லாம் ஊதித் தள்ளியவள், இந்த முரட்டுச் சொற்களில்தான் கோட்டை விட்டாள். இரண்டு தடவைக்கு மேல் எழுத விடமாட்டார்கள். அந்த இரண்டாவது தடவைக்கு இன்னும் ஆறே மாதம்.

முந்தாநாள் வரை அவரும் படிப்புக்குக் குறுக்கே நிற்கவில்லை. அன்று அவருடைய நட்டு போல்ட் கடையில், ஒரு திருகாணியின் அளவு விஷயமாக வாடிக்கையாளரோடு மல்லுக்கு நின்றார். கல்லாவிலிருந்த மகள், "அப்பா, நீங்க ரொம்ப ஆப்ஸ்டினேட்" என்றாள்.

ஏதோ பாராட்டு போலிருக்கிறது என்று சிரித்துவைத்தார். வாடிக்கையாளரும் சிரித்தார். சாயங்காலம் பக்கத்து மருந்துக்கடைக்காரரிடம் விசாரித்தால், பிடிவாதக்காரன் என்று அர்த்தமாம்!

"பெத்த அப்பனையே இங்கிலீஷ்ல திட்டறா. இன்னும் நாலு வார்த்தை படிச்சா என்னைய வித்துடுவா!" என்று குதித்தார். பரீட்சை கிடையாது, வெளியூர் கிடையாது, காலை எட்டிலிருந்து ராத்திரி எட்டு வரை கடையில் கிட என்று தீர்ப்பாயிற்று.

"புத்தகம் போனா என்னப்பா? நான் எழுதத்தான் போறேன்" என்றாள் மகள். கண் சிவந்திருந்தது. குரல் இறங்கவில்லை.

"பாத்துடலாம்டி!" என்றார் அவர்.

மறுநாள் முதல் மகள் காலையில் போய்க் கடையைத் திறந்தாள். அவர் மதியச் சாப்பாட்டோடு கிளம்பினார். பையைத் திறந்து பார்த்தால் அவருக்கு எவர்சில்வர் டப்பா, மகளுக்குக் கிழித்த தாளில் கட்டிய பொட்டலம்.

"இதென்ன, அவளுக்கு டப்பா இல்லையா?"

"அப்பாவை எதிர்த்துப் பேசற பொண்ணுக்கு டப்பா ஒரு கேடா? அந்தப் புத்தகத்துலயே திங்கட்டும். கொழுப்பு அடங்கும்."

இவளல்லவா பெண்டாட்டி என்று அவருக்கு உச்சி குளிர்ந்தது. அன்றிலிருந்து அந்தப் பொட்டலத்தை வேறு யாரையும் தொடவிடவில்லை. கடை வாசலிலேயே நின்று, தெருவில் நான்கு பேர் காதில் விழும்படி, "இந்தாங்க வாத்தியாரம்மா, உங்க படிப்பு! நல்லா சாப்பிடுங்க" என்று அவரே நீட்டுவார்.

முதல் வாரம் மகள் முறைத்தாள். அப்புறம் அதுவும் நின்றுபோயிற்று. குனிந்த தலை நிமிராமல், ஒவ்வொரு வாயையும் நூறு தரம் மென்று, அரைமணி நேரம் சாப்பிட்டாள். முடித்ததும் தாளைத் துடைத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொள்வாள். கடையில் ஒரு துண்டுக் குப்பை விழாது.

"பாத்தீங்களா, ஆட்டம் அடங்கிடுச்சு" என்று மருந்துக்கடைக்காரரிடம் பீற்றிக்கொண்டார்.

மழை கொட்டிய நாளில் பையைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனார். காய்ச்சலில் படுத்த நாளில்கூட எழுந்து போனார். சாப்பாட்டைவிட, பொட்டலத்தை நீட்டும் அந்த ஒரு நிமிஷம்தான் அவருக்கு ருசித்தது. ஐந்தாவது மாதம் புத்தகத்தில் அட்டை மட்டும் மிஞ்சியது. அதைத் தூக்கிக் குப்பையில் போட்டவரும் அவரே.

அதற்குப் பிறகு மூன்று மாதம் போயிருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மகள் ஒரு கடிதத்தோடு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"எனக்கு இடம் கெடச்சிருக்குப்பா. படிப்புச் செலவு முழுக்க அவங்களோடது. பதினஞ்சாந்தேதி கெளம்பறேன்."

அனுமதி கேட்கிற குரலாக அது இல்லை.

"பரீட்சையே எழுதாம எப்படிடி இடம் குடுப்பான்?"

"எழுதினேன். பல்லுவலின்னு அம்மா ஒரு நாள் கூட்டிட்டுப் போனாங்களே, அன்னிக்குத்தான். பல்லுல ஒண்ணுமில்லப்பா."

கடிதத்தைப் பிடுங்கிப் பார்த்தார். மற்றதெல்லாம் புரியாவிட்டாலும், ஆங்கிலத்துக்கு நேரே நூற்றுக்குத் தொண்ணூற்றாறு என்று போட்டிருந்தது புரிந்தது. சமையலறைக்கு ஓடினார்.

"நீதானே அந்தப் புத்தகத்தை என் கண்ணெதிர்ல கிழிச்சே? ஒரு தாள் பாக்கியில்லாம கிழிச்சியே! அப்புறம் எதை வெச்சுடி படிச்சா?"

மனைவி நிதானமாகக் கையைத் துடைத்துக்கொண்டாள். இருபத்தைந்து வருடத்தில் முதல் தடவையாக அவரை நேருக்கு நேர் பார்த்தாள்.

"கிழிச்சது மட்டும்தாங்க நான். ஒரு நாள் தவறாம கொண்டுபோய் அவ கையில கொடுத்தது நீங்க."