நாற்பத்து மூன்று வீட்டின் சார்பாக

"சார், அந்த மனுவோட கடைசி வரிய ஒருதரம் தமிழ்ல சொல்லுங்க," என்றாள் சந்திரமதி.

ஆபீசர் ரவிச்சந்திரன் நிமிர்ந்து பார்த்தார். மெயின்லேண்டிலிருந்து இந்தத் தீவுக்கு மாற்றலாகி வந்து நாலு மாசம் ஆகிறது. இப்படிக் கேட்ட முதல் ஆள் இவள்தான்.

பக்கத்தில் நின்ற முத்துகிருஷ்ணனுக்கு முகம் சுருங்கிவிட்டது. கச்சால் தீவில் ரப்பர் பால் வெட்டிப் பிழைத்து, சுனாமிக்குப் பிறகு பாம்பூஃப்ளாட் பக்கம் தகர ஷெல்டரில் நாலு வருஷமாக வெந்துகொண்டிருக்கும் நாற்பத்து மூன்று குடும்பங்களுக்கு அவர்தான் சங்கத் தலைவர். மனு அவர் கொடுத்தது.

"ஆன் பிஹாஃப் ஆஃப் ஆல் ரெசிடென்ட்ஸ்னு இருக்கும்மா. மேட்டு நிலத்துல வீடு வாங்கிக்க எல்லாக் குடும்பத்துக்கும் சம்மதம்னு, உங்க எல்லார் சார்பாவும் தலைவர் கையெழுத்துப் போட்டிருக்கார்."

"அதை அடிச்சிடுங்க சார்."

"மனுன்னா கடைசியில அப்படிப் போடறது ஒரு மரியாதை சார்," என்றார் தலைவர்.

பாவம், அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார் மனுஷன். கோயில் அன்னதான நோட்டீஸில் இருந்து ஆடு காணாமல் போன புகார் வரைக்கும் 'ஆன் பிஹாஃப் ஆஃப்' போட்டவர். அதற்கென்று ரப்பர் ஸ்டாம்ப் வேறு செய்து வைத்திருந்தார்.

"மரியாதையும் இல்ல, மண்ணும் இல்ல," என்றாள் சந்திரமதி. "எங்களுக்காகப் பேசறதுன்னா எங்களைக் கேட்டுட்டுப் பேசணும். கேக்காம பேசினா அது எங்களுக்குப் பதிலாப் பேசறது. சிலோன் தோட்டத்துல கங்காணி அப்படித்தான் பேசினாரு. அதெல்லாம் எங்கப்பா காலத்தோட போச்சு."

"நீ வீட்டுக்குப் போ. அப்புறம் பேசிக்கலாம்," என்று பல்லைக் கடித்தார் தலைவர்.

"மேட்டு நிலத்துல என்னம்மா குறை?" என்று கேட்டார் ஆபீசர்.

"தண்ணி இல்ல சார். கீழ இருக்கற குழாய்க்கு நூத்திப்பத்துப் படி இறங்கி ஏறணும். தலைவர் வெறுங்கைய வீசிக்கிட்டு ஏறிப் பார்த்துட்டு, நல்ல காத்துன்னு சொல்லிட்டாரு. குடத்தோட ஏறப்போறது பொம்பளைங்க."

வரிசையில் பின்னால் நின்ற வேறு ஷெல்டர்க்காரர் ஜம்புலிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"ஏம்மா, கிடைக்கறதையும் கெடுத்துக்காத. பெரிய மனுஷன் முன்னாடி இவ்வளவு வாய் ஆகாது."

"வீடு, வாசல், பாத்திரம் பண்டம் எல்லாத்தையும் கடல் எடுத்துக்கிச்சு அண்ணே. வாய் ஒண்ணுதான் மிச்சம். அதையும் தலைவர்கிட்ட குடுத்துடணுமா?"

ஜம்புலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ரவிச்சந்திரன் ஃபைலை மூடினார். "நல்லா யோசிச்சுக்கோங்க. இதை நிறுத்தினா மறுபடி முதல்ல இருந்து இடம் பார்க்கணும். இன்னும் ஒரு வருஷம் தகரத்துலதான்."

"நான் இருந்துக்கறேன். மத்தவங்க என்ன சொல்றாங்கன்னு நீங்களே ஷெல்டருக்கு வந்து கேளுங்க. அவங்க சார்பா நான் பேச மாட்டேன்."

ஆபீசருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று. ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை நானே வர்றேன். இப்ப உங்க ஆட்சேபணைய மட்டும் எழுதிக்கறேன். பேர்?"

"சந்திரமதி."

"கணவர் பேர்?"

அதுவரை படபடவென்று பொரிந்தவள் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். தலை குனிந்துவிட்டது. எத்தனையோ பெண்கள் இந்தக் கேள்விக்கு இதே மேஜைக்கு முன்னால் அழுதிருக்கிறார்கள்.

"மன்னிச்சுக்கோங்கம்மா," என்றார் ரவிச்சந்திரன் மெதுவாக. "சுனாமியிலயா?"

"ஐயையோ, அதெல்லாம் இல்ல சார். கல்லு மாதிரி இருக்காரு. புருஷன் பேரை நாங்க வாயால சொல்றதில்ல, அதான்."

அவள் முத்துகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"நாப்பத்து மூணு வீட்டுக்கும் சேர்த்துப் பேசறாரே, அவர் பேரை அவரே சொல்லட்டும் சார்."