ஏழுகோட்டை மூழ்கிய ஞாயிறு

“நாலு லட்சம் பேர். ஒருத்தர்கூடத் தப்பல,” என்று வைத்தியர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “கைக்குழந்தைங்களைக்கூட விடல.”

“வடக்கு மதிலுமா போச்சு?” கொத்தனாருக்கு உதடு துடித்தது. “பார்த்துப் பார்த்துக் கட்டினேனேய்யா அதை!”

வீட்டுக்காரர் மேஜையில் விரித்திருந்த தடிப் புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பினார். ஆமாம், புத்தகம்தான். நீங்கள் பதற வேண்டாம், எந்த ஊரிலும் வெள்ளம் வரவில்லை.

ஏழுகோட்டை என்பது ஒரு கற்பனை உலகம். பகடையை உருட்டி, ஆளாளுக்குப் பேசியே கதையை நடத்திக்கொண்டு போகிற ஆட்டம். பத்தொன்பது வருடமாக ஞாயிறு தவறாமல் இந்த நாலு பேரும் இதே சாப்பாட்டு மேஜையில் ஆடுகிறார்கள். பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமே அங்கே கிடையாது. வைத்தியர், வாத்தியார், கொத்தனார், அவ்வளவுதான். வீட்டுக்காரர் தன் கல்யாணப் பத்திரிகை உறையின் மேல்கூட ‘வைத்தியர் அவர்களுக்கு’ என்றுதான் எழுதினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கல்யாணம் நடந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஆட்டத்தை வெளியிடும் கம்பெனியோ, இத்தோடு போதும் என்று கடைசிப் பாகத்தை அனுப்பிவிட்டது. அதில் கடல் பொங்கி ஏழு கோட்டையையும் விழுங்கிவிட்டது.

“முடிஞ்சா முடிஞ்சுட்டுப் போகுது,” என்றாள் வீட்டுக்காரரின் மனைவி, சமையலறையிலிருந்து. “நீங்களா ஏதாவது கதை கட்டி ஆட வேண்டியதுதானே?”

“அதெப்படிம்மா?” என்றார் வாத்தியார். “கம்பெனியே தண்ணியில முக்கினதுக்கப்புறம் நாங்க எங்க நின்னு ஆடறது?”

“எழுதினவன் மட்டும் என் கையில கிடைக்கட்டும்,” என்று கொத்தனார் பல்லைக் கடித்தார். வைத்தியருக்குக் கோபம்கூட வரவில்லை.

“இந்த ஞாயித்துக்கிழமையை விட்டா எனக்கு வேற என்னய்யா இருக்கு?” என்றார்.

வீட்டுக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு கடைசி வரியைப் படித்தார். “அதன்பின் அலையோசை மட்டுமே கேட்டது.” புத்தகம் கையிலிருந்து நழுவியது. பின்னாலேயே அவரும் நாற்காலியிலிருந்து நழுவித் தரையில் விழுந்தார்.

“ஐயோ! டாக்டர், பாருங்களேன்!” என்று அலறிக்கொண்டு ஓடிவந்தாள் மனைவி.

வைத்தியர் மேஜையைச் சுற்றி வந்து மண்டியிட்டார். “எல்லாரும் தள்ளுங்க, காத்து வரட்டும். வாத்தியாரே, காலைத் தூக்கி நாற்காலி மேல வைங்க.” சட்டைப் பொத்தானைக் கழற்றினார். காதை மூக்கருகே கொண்டுபோய், காற்று சீராக வருகிறதா என்று நிதானமாகக் கேட்டார்.

“ஆம்புலன்ஸுக்குப் போன் பண்ணுங்க,” என்றார்.

“நீங்க இருக்கறப்ப ஆம்புலன்ஸ் எதுக்கு?” என்றார் கொத்தனார். “பயப்படாத தங்கச்சி. பத்தொன்பது வருஷமா எங்க உயிரெல்லாம் இவர் கையிலதான். நானே ரெண்டு தடவை செத்துப் பிழைச்சவன்!”

“சொன்னாக் கேளுங்கய்யா! போனைப் போடுங்க!” வைத்தியர் போட்ட சத்தத்தில் வாத்தியார் நாற்காலியைத் தட்டிவிட்டுப் போனைத் தேடி ஓடினார்.

மனைவி கணவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “எட்டே மாசம்தான் ஆச்சு டாக்டர். எப்படியாவது காப்பாத்திக் குடுங்க.” வைத்தியருக்கு நெற்றியெல்லாம் வியர்த்தது. நாடியில் வைத்த விரலை மட்டும் அவர் எடுக்கவில்லை.

ஐந்து நிமிடம் கழித்து வீட்டுக்காரர் மெல்லக் கண்ணைத் திறந்தார். எல்லோரும் குனிந்தார்கள்.

“ராணியாவது தப்பிச்சாளா?” என்றார்.

“இல்லப்பா,” என்றார் வாத்தியார். வீட்டுக்காரர் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

“எந்த ராணி? இங்க ஒருத்தி உயிரே போய் உக்காந்திருக்கேன்!” மனைவிக்கு அழுகை நின்று ஆத்திரம் பொங்கியது. “புத்தகம் வந்த நேரத்திலேருந்து பச்சைத்தண்ணி பல்லுல படல. படிச்சு முடிச்சிட்டுத்தான் சாப்பிடுவாராம்!”

ஆம்புலன்ஸ் வந்தது. அதில் வந்த நர்ஸ் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “சர்க்கரை இறங்கியிருக்கு, அவ்வளவுதான். இனிப்பா ஏதாவது குடிக்கக் குடுங்க. நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லுங்க.”

மனைவி வைத்தியரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். வீட்டுக்காரர் சர்க்கரைத் தண்ணீரை உறிஞ்சினார். கொத்தனார் தானே காப்பாற்றியதுபோல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

“முதலுதவியெல்லாம் கச்சிதமாப் பண்ணியிருக்கீங்க சார்,” என்றார் நர்ஸ், பெட்டியை மூடிக்கொண்டே. “நீங்க எந்த ஆஸ்பத்திரி?”

“சும்மா சொல்லுங்க வைத்தியரே!” என்றார் கொத்தனார் பெருமை தாங்காமல். “பத்தொன்பது வருஷ அனுபவம்மா!”

வைத்தியர் தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்துத் தூசி தட்டி மேஜைமேல் வைத்தார்.

“ஏழுகோட்டை அரண்மனையில இருந்தேம்மா. அந்த வேலை இன்னையோட போச்சு, இனிமே டயர் கடை மட்டும்தான்.”