தாளம் தப்பியவர்

“அக்கா, மறுபடியும் பிந்துறீங்க லா! மெஷினோட சேர்ந்து பாடுங்க!”

ஜார்ஜ்டவுன் ஸ்டூடியோவில் ஒலிப்பதிவு செய்யும் ஷஃபீக் போட்ட சத்தம், ஓரமாக உட்கார்ந்திருந்த அவன் தந்தை உட்பட அங்கிருந்தவர்களை நிமிர்ந்து பார்க்க வைத்தது. கண்ணாடி அறைக்குள் நின்ற பாடகி ஜெகதீஸ்வரி தலையாட்டிவிட்டு மீண்டும் பாடினார். வெளியே, பதிந்துவைத்த வாத்திய இசையை ஒலிக்கும் மெஷின்களான பழைய சாம்ப்ளர்கள் இரண்டு ஓடின. ஒன்றில் மேளம், மற்றதில் வயலின். பாட்டு மறுபடியும் தாளம் தப்பியது.

“மெஷின் தப்புப் பண்ணாதுக்கா. வீட்ல பழகிட்டு வாங்க. இன்னிக்குப் போதும்.”

அவர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மெஷின்களை அணைக்கப் போன ஷஃபீக் அப்படியே நின்றுவிட்டான். முதல் சாம்ப்ளரின் தாளத்தைப் பின்பற்றும்படி இரண்டாவதை மாற்றிவைக்க அவன்தான் மறந்திருந்தான். மேளமும் வயலினும் ஆளுக்கொரு வேகத்தில் ஓடியிருக்கின்றன.

உடனே அவருக்குப் போன் போட்டான்.

“அக்கா, தப்பு என்மேலதான். மெஷின் ரெண்டும் சேரல.”

“தெரியும் தம்பி. முதல் தடவையே காதுல விழுந்துச்சு.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“எப்படிச் சொல்றது? உங்க அத்தா முதல் தடவையா உங்க வேலையப் பார்க்க வந்து உக்காந்திருந்தாரு. அவரு முன்னாடி உங்களுக்குத் தலைகுனிவு வேணாம்னு நெனச்சேன்.”

ஷஃபீக்குக்கு முகம் சுட்டது. அந்தத் தந்தையின் முன்னால் பெரிய ஆளாகத் தெரியத்தான் அவன் அத்தனை சத்தமும் போட்டான்.

“அக்கா, அத்தா இன்னும் இங்கதான் இருக்காரு. கொஞ்சம் திரும்பி வாங்க. அவரு முன்னாடியே உங்ககிட்ட மன்னிப்புக் கேட்கணும்.”