சன்னக் குரலுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர்

இது நான் நேரில் பார்த்ததில்லை; ஸ்பீக்கர் பழுது பார்க்கும் ஒருவர் சொல்லிக் கேட்டது.

ஒரு கடைக்குப் புதிதாக வந்த ரெக்கார்டு பிளேயர் தனக்கொரு ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. மாலைக்குள் பாடாவிட்டால் பெட்டியில் போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். அதற்குப் பிறவியிலேயே சன்னக் குரல். அதை வெளியே சொல்ல வெட்கம்.

"நான் இருநூறு வாட்டு, தம்பி. உனக்கு வேற என்ன வேணும்?" என்றது பெரிய ஆம்ப்ளிஃபயர்.

"ஒண்ணும் வேணாம் அண்ணே, இதுவே அதிகம்."

மூலையிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயர் மெதுவாகக் கேட்டது: "உனக்குக் குரல் சன்னமா? அதைத் தூக்கிக் கொடுக்க என் முதுகுல வயர் செருகத் தனியா ஒரு துளை இருக்கு."

"முப்பது வாட்டுக்கு வாயைப் பாரு!" என்று பக்கத்திலிருந்த இரண்டு ஸ்பீக்கர்களும் சேர்ந்து சிரித்தன.

"சேச்சே, எனக்குக் கணீர்க் குரல்," என்று அவசரமாகச் சொன்னது பிளேயர். பெரியதோடு சேர்ந்துகொண்டது. பாட்டு கொசு முனகுவதுபோல் வந்தது.

"அடிவயித்துலேர்ந்து பாடு தம்பி," என்றது பெரியது.

"தப்பு என்மேலதான் அண்ணே," என்றது பிளேயர். மாலையில் பெட்டிக்குள் போகும்போது எல்லோருக்கும் நன்றி சொன்னது.

பிறகு அந்தக் கடைக்குப் போய்ப் பார்த்தேன். பெரிய ஆம்ப்ளிஃபயரின் முதுகில் பதினொரு துளைகள். ரெக்கார்டு பிளேயருக்கானது மட்டும் இல்லை. சின்னதின் முதுகில் இருந்தது. அந்தத் துளையின்மேல் விலைச்சீட்டு ஒட்டியிருந்தார்கள்.