பின்வரிசைக்கு ஒரு மாலை

மாலை கழுத்தில் விழுந்ததும் சங்கீதாவின் கண்கள் கலங்கியதைக் கார்மேகம் பார்த்துவிட்டான். என்ன நன்றியுள்ள பெண் என்று அவன் மனசு உருகிப்போனது.

துபாய் தேராவில், ஒரு ஹோட்டலின் கீழ்த்தளத்தில் இருந்தது அந்தத் தமிழ் டான்ஸ் பார். மேடையில் எட்டுப் பெண்கள் சினிமாப் பாட்டுக்கு ஆடுவார்கள். பிடித்த பெண்ணுக்கு வாடிக்கையாளர் மாலை வாங்கிப் போடலாம். அதையும் தன் கையால் போட முடியாது, பேரர்தான் கொண்டுபோய்ப் போடுவான். பாட்டு முடிந்ததும் கழற்றி அடுத்த ஆளிடம் விற்றுவிடுவார்கள். துணிப்பூவில் கட்டிய அந்த ஒரே மாலை ஒரு ராத்திரியில் இருபது கழுத்தைப் பார்த்துவிடும்.

முன்வரிசைப் பெண்கள் மேசை மேசையாகப் பார்த்துச் சிரித்தே மாலையை வரவழைப்பார்கள். சங்கீதா பின்வரிசையில் சுவரை ஒட்டி நிற்பாள். பேருக்குக் கை அசையும், கால் அசையாது. யாரையும் ஏறெடுத்துப் பார்க்க மாட்டாள். ஆடத் தெரியாத பெண் என்று மற்றவர்கள் விட்டுவிட்டார்கள். சோனாப்பூர் தொழிலாளர் கேம்ப்பிலிருந்து வியாழக்கிழமை தவறாமல் பஸ் ஏறி வரும் கார்மேகத்துக்கு மட்டும் அது குடும்பப் பெண்ணின் கூச்சமாகப் பட்டது.

மெட்ரோ தூண்களுக்குக் கம்பி கட்டுகிறவன் அவன். மூன்று தங்கச்சிகளுக்குக் கல்யாணம் பண்ணி முடிப்பதற்குள் வயது நாற்பதைத் தொட்டுவிட்டது. இனி இவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? முதல் தடவை ரூம்காரர்கள்தான் அவனை இங்கே இழுத்துக்கொண்டு வந்தார்கள். அடுத்த வாரத்திலிருந்து இழுக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை.

இரண்டு மாதத்துக்கு முன் பேரர் லுக்மான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"அந்தப் பொண்ண ரொம்பப் பாக்காதீங்கண்ணே. கொஞ்ச நாள்தான் இருக்கும்."

"ஏன் தம்பி?"

"மாசம் இத்தனை மாலைன்னு டார்கெட் இருக்குண்ணே. விழலேன்னா விசாவ கேன்சல் பண்ணி ஊருக்கு ஏத்தி விட்ருவாங்க. பாஸ்போர்ட்டு மேனேஜர்கிட்டல்ல இருக்கு, அவரா அனுப்புனாத்தான் உண்டு. இந்தப் பொண்ணு கழுத்துல இதுவரைக்கும் ஒண்ணுகூட விழல. வர்ற வாரம் டிக்கெட் போடப் போறாங்களாம்."

கார்மேகம் சுவரோரம் நின்றவளைத் திரும்பிப் பார்த்தான். என்ன கஷ்டத்துக்காகக் கடல் தாண்டி வந்தாளோ! வெறுங்கையோடு போய் நின்றால் ஊரில் யார் மதிப்பார்கள்? அவள் போய்விட்டால் தன் வியாழக்கிழமைகள் என்ன ஆகும் என்றும் நினைத்தான். அதை மட்டும் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவில்லை.

அன்றைக்கே முதல் மாலையை அனுப்பினான். யார் கொடுத்தது என்று லுக்மான் கைகாட்டியதும், சங்கீதா அவனைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பி, வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். எனக்காக எதற்கு இந்தச் செலவு என்கிறாள் என்று கார்மேகம் பூரித்துப்போனான். ஒரு வார்த்தை பேசாமலே இப்படி ஒருத்தியைப் புரிந்துகொள்ள முடிகிறதே என்று அவனுக்கே பெருமையாக இருந்தது.

அதோடு வெள்ளிக்கிழமை லீவுக்கு முழுக்குப் போட்டான். வெயிலில் ஓவர்டைம் பார்த்தான். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்குப் போகிற லீவையும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான்.

"கிறுக்குப் பிடிச்சிருச்சாய்யா ஒனக்கு? ஆத்தாளப் பாக்கப் போகாம அங்கே போயிக் கொட்டுற!" என்று ரூமில் பாண்டித்துரை தலையில் அடித்துக்கொண்டான்.

"அது மானத்தோட பொழைக்க வந்த புள்ளய்யா. ஒனக்குப் புரியாது" என்றான் கார்மேகம்.

இன்று அவளுடைய மூன்று மாத விசாவின் கடைசி வியாழன். அவள் கண்ணைக் கலங்க வைத்த அந்த மாலையைக் கழற்றுவதற்குள் மேனேஜர் மைக்கைப் பிடித்துவிட்டார்.

"நம்ம சங்கீதா டார்கெட்டத் தாண்டிட்டாங்க! விசா இன்னும் மூணு மாசம் நீட்டியாச்சு! அதிக மாலை குடுத்த கார்மேகம் அண்ணன் மேடைக்கு வந்து, தன் கையாலயே கிரீடம் வைப்பார்!"

பார் முழுக்கக் கைதட்டியது. லுக்மான் விசிலடித்தான். கார்மேகம் துருக்கறை போகாத விரல்களைக் கர்ச்சீப்பில் துடைத்துக்கொண்டு மேடையேறினான். இத்தனை நாளில் அவளை இவ்வளவு பக்கத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. கண்மை கரைந்து கன்னம் வரை வந்திருந்தது.

"இனிமே கவலப்படாத தாயி. இன்னும் மூணு மாசத்துக்கு ஒன்ன யாரும் அனுப்ப முடியாது. நான் இருக்கேன்ல" என்றான். பஸ்ஸில் வரும்போதெல்லாம் சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள். சொல்லி முடித்ததும் நெஞ்சு நிறைந்துபோனது.

கிரீடத்துக்காக அவள் தலையைக் குனிந்தாள். மேனேஜர் காதில் விழாதபடி மெதுவாகப் பேசினாள்.

"ஊர்ல எம்புள்ள தவழ ஆரம்பிச்சிட்டானாம்ணே."

கார்மேகம் ஒன்றும் புரியாமல் சிரித்தபடி நின்றான். கிரீடத்தைப் பிடித்திருந்த அவன் விரலில் அவள் கண்ணீர் சொட்டியது.

"மால விழலேன்னா அனுப்பிருவாங்கன்னுதான் ஆடாமலே நின்னேன், நீங்க ஏண்ணே என்னப் போக விட மாட்டேங்கிறீங்க?"