பெரியவன் பெயர்

பிறப்புப் பதிவுப் படிவத்தில் எல்லாக் கட்டங்களும் நிறைந்துவிட்டன. குழந்தையின் பெயர் எழுதும் கட்டம் மட்டும் காலி.

"இப்பவே குடுத்துட்டா நல்லது. அப்புறம் ஆபீஸ் ஆபீஸா அலையணும்," என்றாள் பதிவு செய்ய வந்த பெண், பேனாவை மூடாமலே.

ஆஸ்பத்திரிக் கட்டிலைச் சுற்றி மொத்தக் குடும்பமும் நின்றது. மூன்று நாளாக இதே பஞ்சாயத்துதான். பெயிண்ட் கடை வைத்திருக்கும் மாமனார், ஷேடு கார்டில் இருக்கிற நிறப் பெயர்களைத் தவிர மற்ற எல்லாப் பெயரையும் சொல்லிப் பார்த்துவிட்டார். ஒன்றும் எடுபடவில்லை.

மாமியார் குழந்தையைக் கையில் வாங்கினாள். முகத்தை உற்றுப் பார்த்தாள். பிறகு, செத்துப்போன மூத்த மகனின் பெயரைச் சொன்னாள்.



"அவனே வந்து பொறந்திருக்கான். இதுக்குப் போய் மூணு நாளா மண்டைய உடைச்சுக்கிட்டோம்."

மாமனார் மூக்கை உறிஞ்சினார். கணவன் கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தான். பெரியவன் மாரடைப்பில் போய் ஒன்றரை வருடம் ஆகிறது. தெருவே அழுத சாவு அது. தங்கமான மனுஷன் என்று சொல்லாத வாய் இல்லை.

பிள்ளை பெற்றவள் தலையணையில் சாய்ந்தபடி படிவத்தின் காலிக் கட்டத்தையே பார்த்தாள்.

கல்யாணமான நாலாம் மாதம், வீட்டில் ஆள் இல்லாத ஒரு மத்தியானம், பின்பக்கத்துக் கிடங்கில் பெயிண்ட் டப்பாக்களுக்கு நடுவே, அந்தத் தங்கமான மனுஷன் அவள் வாயைப் பொத்தினான். எல்லாம் முடிந்தபின், வெளியே சொன்னால் தம்பி உன்னைத்தான் துரத்துவான் என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் கோபம்கூட இல்லை.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அவன் செத்த அன்று எல்லோரையும்விடச் சத்தமாக அழுதாள். நிம்மதியிலும் அப்படி அழுகை வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டாள்.

இப்போது அந்தப் பெயரைப் பிள்ளைக்கு வைக்க வேண்டும். அதைச் சொல்லித்தான் மடியில் போட்டுக் கொஞ்ச வேண்டும். குளிக்கக் கூப்பிட வேண்டும். சாயங்காலமானால் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கக் கத்த வேண்டும். உயிர் இருக்கிறவரைக்கும்.

வேண்டாம் என்று சொல்லலாம். ஏன் என்று கேட்பார்களே.

"பெரியவளையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்," என்றார் மாமனார். கேட்பதெல்லாம் ஒரு மரியாதைக்குத்தான்.

பெரியவனின் மனைவி ஜன்னலோரம் நின்று பால் ஆற்றிக்கொண்டிருந்தாள். பிள்ளை இல்லாதவள். ஓடி வந்து குழந்தையைக் கட்டிக்கொண்டு அழப்போகிறாள் என்றுதான் எல்லோரும் காத்திருந்தார்கள்.

அவள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"வேண்டாம். அந்தப் பேர வைக்கக் கூடாது."

அவ்வளவுதான், மாமியார் பிடித்துக்கொண்டாள். தனக்குக் கொடுப்பினை இல்லையென்றதும் வயிற்றெரிச்சலா என்றாள். தான் பெற்ற பிள்ளையைத்தான் பறிகொடுத்தாயிற்று, அவன் பெயரையுமா இவள் பூட்டி வைத்துக்கொள்வாள் என்றாள். நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேரச் சொன்னாள். மாமனார் தடுக்கவில்லை.

"உங்ககிட்ட இத எதிர்பார்க்கல அண்ணி," என்று கணவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

 பெரியவள் பாலை எடுத்துக்கொண்டு கட்டிலருகே வந்தாள். எல்லோருக்கும் முதுகைக் காட்டியபடி குனிந்து டம்ளரை நீட்டினாள்.

"நீ எதுவும் சொல்லாத," என்றாள், கட்டிலில் இருப்பவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "எல்லாம் எம்மேலயே போகட்டும்."

அவள் டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இந்த அக்கா அவளைத் தனியாக விட்டதே இல்லை. துணி காயப்போட மாடிக்குப் போனால் பின்னாலேயே வருவாள். அடுப்படியில் இருந்தால் வேலை இல்லாவிட்டாலும் வந்து உட்கார்ந்துகொள்வாள். வேவு பார்க்கிறாள் என்று கணவனிடம் எத்தனையோ தடவை புலம்பியிருக்கிறாள். ஒரே ஒரு மத்தியானம்தான் அக்கா வீட்டில் இல்லை, கடைவாய்ப் பல் பிடுங்கப் போயிருந்தாள். வீங்கிய கன்னத்தோடு திரும்பி வந்தவள் இவளுடைய முகத்தைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. பக்கத்தில் உட்கார்த்தி வைத்துத் தலை வாரிப் பின்னிவிட்டாள்.

ஆக, அவளுக்கு எல்லாம் தெரிந்தேதான் இருந்திருக்கிறது.

"சீக்கிரம் சொல்லுங்கம்மா, இன்னும் ஆறு கட்டில் பாக்கி இருக்கு," என்றாள் பதிவுப் பெண்.

"பெத்தவ நீ. நீயே சொல்லு," என்றான் கணவன்.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பெரியவள் மட்டும் பார்க்கவில்லை. அலமாரியிலிருந்து குழந்தைத் துணிகளை எடுத்து ஒவ்வொன்றாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அவளைப் பெட்டி கட்டவிடாமல் நிறுத்த, அந்த மத்தியானத்தைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம் போதும். அவள் வேறொன்றைச் சொன்னாள்.

"அக்காவுக்குக் கஷ்டம்னா எதுக்கு அத்தை... வேற பேரே வச்சிடலாம்."

மாமியாரின் முகம் இளகிப்போனது. சின்ன மருமகளின் தலையைத் தடவிக்கொடுத்தபடி, பெரியவளுக்குக் கேட்கட்டும் என்றே குரலை உயர்த்தினாள்.

"பாத்துக்கோ. இவளுக்கு இருக்கற மனசு வேற யாருக்கு வரும்?"

சின்னவள் அதை மறுக்கவில்லை.