வெளியே தொங்கும் பைகள்

தீ அணைந்த வீட்டிலிருந்து இன்னும் புகை கசிகிறது. வாசலில் தீயணைப்பு வீரர்கள் நால்வர் கால்சட்டைப் பைகளை வெளியே இழுத்துவிட்டு நிற்கிறார்கள். "நகைப்பெட்டி எங்க? உள்ள போனது நீங்கதானே!" என்று கத்துகிறாள் வீட்டுக்காரி. தெருவே கழுத்தை நீட்டிப் பார்க்கிறது. ஒருவன் பூட்ஸைக் கவிழ்க்கிறான், கரித்தண்ணீர்தான் கொட்டுகிறது. முகம் கழுவப் போயிருந்த ஐந்தாமவன் ஈரக்கையோடு வருகிறான். "ஃப்ரிட்ஜுக்குள்ள பாருங்கக்கா. தண்ணி அடிச்சா எங்கயாவது தெறிச்சுடும்னு நான்தான் எடுத்து வச்சேன்." அவள் உள்ளே ஓடுகிறாள். தக்காளிகளுக்கு நடுவில் பெட்டி, பொட்டுக் கரி படாமல். அங்கேயே திறந்து வளையலையும் தோட்டையும் ஒவ்வொன்றாகத் தடவிப் பார்க்கிறாள். "எல்லாம் இருக்கா?" எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்துக் கேட்கிறார். வண்டி கிளம்புகிறது. நால்வரின் பைகளும் இன்னும் வெளியேதான் தொங்குகின்றன.